அம்மா அனுப்பிய கவுன்கள்

குழந்தைகள் நலத்துறை மேடம் வருகிற அன்று தையல்காரர் வீட்டைத் துடைத்த துடைப்பில் தரையே கொஞ்சம் தேய்ந்திருக்கும். வீடு என்பது பெயருக்குத்தான். ஒரு முன்னறை, ஒரு சமையல் இடுக்கு, இரண்டுக்கும் நடுவில் ஒரு திரை. முன்னறையில் பாதியைத் தையல் மிஷின் எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியில் அவரும் அவருடைய தங்கை மகளும் குடியிருந்தார்கள். நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கினார். கத்தரிக்கோலை எட்டாத உயரத்தில் மாட்டினார். வெட்டுத்துணிகளை மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "என்ன, மாப்பிள்ளை பார்க்க வர்றாங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டார். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாத மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது? தையல்காரர் சிரித்து வைத்தார்.

தங்கை மகளைத் தெருவே பட்டாணி என்றுதான் கூப்பிடும். உருண்டை முகம், ஓரிடத்தில் நிற்காத கால். அப்பா ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு விவரம் தெரியாத வயசு. அம்மா வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று பிள்ளையை அண்ணனிடம் விட்டுவிட்டுப் போனாள். "ஆறே மாசம்ணே, வந்து கூட்டிக்கிறேன்" என்றாள். போன இடத்தில் இன்னொரு கல்யாணமும் ஆகி, அந்த ஆறு மாசம் வருஷக்கணக்கில் நீண்டுகொண்டே போனது. அம்மாவுக்குப் பெரிய வேலை, லீவு கிடைப்பதில்லை என்றுதான் பட்டாணிக்குத் தெரியும். கல்யாண விஷயத்தை அவளிடம் யாரும் மூச்சு விடவில்லை.

தையல்காரருக்கு வேலை ஒரு பெரிய துணிக்கடையின் மாடியில். வாங்குகிறவர்களுக்கு நீளம் குறைத்துக் கொடுப்பார், இடுப்பு பிடித்துக் கொடுப்பார். எத்தனை உருப்படியோ அத்தனைக்குக் கூலி. இப்போதெல்லாம் சரியாக இல்லாத துணியை யாரும் பிரித்துத் தைத்துக்கொள்வதில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுத்துக்கொள்கிறார்கள். மாடியில் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. பள்ளிக்கூட ஆபீஸ் அம்மாதான் சொன்னார், சொந்தக்காரப் பிள்ளையை வளர்க்கிறவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தருகிறது, எழுதிப் போடுங்கள் என்று. எழுதிப் போட்டார். ஒன்று கொடுப்பார்கள், இல்லையென்றால் இல்லை என்பார்கள், நமக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தார். உலகத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மேடம் நல்லவர்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார், கொடுத்த டீயைக் குடித்தார், முகம் சுளிக்கவில்லை. திரையை விலக்கிப் பார்த்தார். கடைக் கூலி ரசீதுகளைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"சார், மறைக்காம சொல்லிடறேன். இந்த வருமானத்துல ஒரு பெண் பிள்ளையை உங்ககிட்ட விட எங்க விதியில இடமில்ல. உதவித்தொகை சேர்ந்தா இடமிருக்கு. கிடைக்கலேன்னா பிள்ளை அரசாங்க விடுதிக்குத்தான் போகணும்."

தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "விடுதியா? அப்படின்னா உதவியே வேண்டாம் மேடம். மனுவ வாபஸ் வாங்கிக்கறேன்."

"வாங்கலாம். ஆனா பிள்ளை நிலைமை இப்படின்னு எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே. தெரியாத மாதிரி இருக்க முடியுமா?"

உள்ளே போகிற கதவு மட்டும் இருக்கிற அறை ஒன்று உண்டு என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. ஆனாலும் மேடம் ஆறுதலாகச் சொன்னார்: "ஏன் பயப்படறீங்க? அப்பா இல்ல. அம்மா எந்த விதத்துலயும் ஆதரிக்கறதில்லேன்னு எழுதியிருக்கீங்க. அது ஒண்ணுதான் முக்கியம். பிள்ளைகிட்ட நாலு வார்த்தை கேட்டு எழுதிட்டா முடிஞ்சுது. இந்த வயசுப் பிள்ளைன்னா அவங்க வாயால சொல்றது கட்டாயம்."

பட்டாணி தலை வாரி, கை கழுவி, பள்ளிக்கூடப் பரிசளிப்புக்குப் போகிற மாதிரி வந்து நின்றாள். மாமா அடிப்பாரா? மாட்டார். சாப்பாடு? நல்லாப் போடுவார், காரம் மட்டும் ஜாஸ்தி. தூங்குவது? கட்டிலில். மாமா? மிஷினுக்குப் பக்கத்தில், குறட்டை விடுவார். மேடம் சிரித்துக்கொண்டே எழுதினார்.

"அம்மா உனக்கு ஏதாவது அனுப்புவாங்களாம்மா?"

"ஓ! கவுன் அனுப்புவாங்களே!"

சொன்னதோடு விட்டாளா? கட்டிலுக்கடியில் புகுந்து தகரப்பெட்டியை இழுத்தாள். மடிப்புக் கலையாமல் வைத்திருந்த கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்து மேடத்தின் மடியில் போட்டாள். இது போன பிறந்தநாளுக்கு, இது பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு, இது சும்மா, அம்மாவுக்கு என் ஞாபகம் வந்ததால். சின்னதாகிப்போன பழைய கவுன்கள்கூட அடியில் இருந்தன. "எல்லாம் எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கும். அம்மா என்னைப் பார்க்கவே இல்ல, ஆனா அளவு மட்டும் கரெக்டாத் தெரியும்!"

தையல்காரர் திருதிருவென்று விழித்தார். அளவு ஏன் தெரியாது? கொடியில் காய்கிற பள்ளிச் சீருடையை அவள் இல்லாத நேரத்தில் டேப்பால் அளந்துகொண்டது அவர்தானே.

முதல் கவுனை அவர் ஒன்றும் பெரிய திட்டம் போட்டுத் தைக்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை, "உன்னை உங்கம்மா விட்டுட்டுப் போயிட்டாங்களாமே" என்று கேட்டுவிட்டது. பட்டாணி அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பேசாத பட்டாணியை அவரால் பார்க்க முடியவில்லை. கடை மாடியில் எஞ்சிய துணியை வாங்கி, மதிய நேரங்களில் கவுன் தைத்தார். பார்சல் கட்டினார். கூட்டாளியான கூரியர்காரரைப் பிடித்து, மணியடித்துக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார். அந்தக் கூரியர்காரருக்கு நடிப்பு வேறு. "வெளியூர் பார்சல்! கையெழுத்துப் போடுங்க!" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். பட்டாணி வாழ்க்கையில் முதல் கையெழுத்தை அன்றைக்குத்தான் போட்டாள்.

தையல்காரரிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. பொய்யையும் அப்படித்தான் செய்தார். கடையில் கிழிந்து ஒதுக்கிய கவுன்களிலிருந்து கம்பெனி பேர் போட்ட லேபிள்களைப் பிரித்துக் கொண்டுவந்து, தான் தைத்ததன் கழுத்துப்பட்டியில் வைத்துத் தைத்தார். கவுனுக்கு வெட்டிய துணியில் ஒரு துண்டுகூட வீட்டுக்கு வராமல் பார்த்துக்கொண்டார். பிறகு ஒருநாள் தங்கை போன் செய்தபோது பட்டாணி முந்திக்கொண்டு, "அம்மா, கவுன் சூப்பரா இருக்கு!" என்று கத்திவிட்டாள். தையல்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கையோ ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "பிடிச்சிருக்கா கண்ணு? அம்மா பார்த்துப் பார்த்து வாங்கினேன்" என்றாள். அப்பாடா என்று இருந்தது அவருக்கு. தங்கையை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, மடையருக்கு.

பட்டாணியை விளையாட அனுப்பிவிட்டு மேடம் பேனாவை மூடினார். "என்ன சார் இது?"

"மேடம், அதெல்லாம் நான் தைச்சது."

மேடம் ஒரு கவுனின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "கம்பெனி பேரு போட்டிருக்கே."

மென்று விழுங்கி அவர் முழுக் கதையையும் சொன்னார். மேடம் முழுக்கக் கேட்டுவிட்டுக் கவுனை மடித்து வைத்தார். "நான் நம்பறேன் சார். ஆனா என் நம்பிக்கையை எழுத இதுல இடமில்ல. பிள்ளை சொன்னதைத்தான் எழுதணும். இருங்க, தாயை ஒரு வார்த்தை கேட்டுடுவோம். அவங்க இல்லேன்னு சொல்லிட்டா பிரச்சினையே இல்ல."

தையல்காரர் நம்பரைக் கொடுத்தார். கொடுக்கும்போது மனசில் தெம்பாகத்தான் இருந்தது. கூடப் பிறந்தவள், செய்யாததைச் செய்தேன் என்று அரசாங்கத்திடம் சொல்லவா போகிறாள்? மேடம் ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் தங்கை குரல், அதற்குப் பின்னால் டி.வி. சத்தம், யாரோ ஒரு ஆம்பளை "யாரு?" என்று கேட்கிற சத்தம்.

"உங்க பொண்ணுக்கு நீங்க ஏதாவது அனுப்பறதுண்டாம்மா?"

டி.வி. சத்தம் குறைந்தது. பிறகு தங்கை, பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கட்டும் என்கிற மாதிரி, குரலை உயர்த்திச் சொன்னாள்: "அனுப்பாம? பெத்த பிள்ளையை அப்படியா விட்டுடுவேன்? துணிமணியெல்லாம் நான்தாங்க அனுப்பறேன். வேணும்னா அவளையே கேளுங்க."

மேடம் போனை அணைத்தார். தையல்காரர் தரையைப் பார்த்தார். எவ்வளவு பளபளப்பாகத் துடைத்திருந்தார்!

"அவங்ககிட்ட அனுப்பினதுக்கு ரசீது கேக்கறேன், அவங்களால காட்ட முடியாது" என்றார் மேடம் எழுந்துகொண்டே. "அதனால பிள்ளை சொல்றதுதான் நிக்கும். அடுத்த வாரம் ஆபீசுக்குக் கூட்டிட்டு வாங்க. அவளே மாத்திச் சொன்னா சரியாயிடும். சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வராதீங்க சார். அவளுக்கு உண்மை தெரியணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் போய்விட்டார்.

மறுநாள் கடை மாடியிலிருந்து தையல்காரர் தங்கையைக் கூப்பிட்டார். கோபமாகத்தான் ஆரம்பித்தார்.

"ஏம்மா, ஒரு வார்த்தை இல்லேன்னு சொல்லியிருந்தா என்ன?"

"அவர் பக்கத்துல உக்காந்திருக்கார்ணே. பிள்ளைக்கு நான் செய்யறேன்னு இந்த வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். இப்ப இல்லேன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"பட்டாணியை விடுதிக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"அப்படியெல்லாம் போக மாட்டாங்க, நீ பார்த்துக்குவ." தங்கை அழுதாள். அழுகை நிஜம்தான், அதில் சந்தேகமில்லை. "பெத்தவ கைவிட்டுட்டான்னு என் வாயாலேயே சொல்லச் சொல்றியா? அதை மட்டும் கேக்காதண்ணே. நீதானே நான் அனுப்பறதாச் சொல்லிக்கொடுத்த? நானா கேட்டேன்?"

அவள் கேட்கவில்லைதான். போனை வைத்த பிறகும் வெகுநேரம் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஆக, மிச்சம் இருந்தது ஒரே வழி. பட்டாணியிடம் சொல்ல வேண்டும். உன் அம்மா உனக்கு ஒரு நூல்கூட அனுப்பியதில்லை என்று, அவரே வாயைத் திறந்து, அந்த உருண்டை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். பள்ளிக்கூடம் விட்டு அழைத்துவரும்போது சொல்லலாம் என்று வாயெடுப்பார். அவள் வகுப்புக் கதையை ஆரம்பித்துவிடுவாள். சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைப்பார். சாப்பாட்டு நேரத்தில் எதற்கு என்று விட்டுவிடுவார். ஆபீசுக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம்தான், இனித் தள்ள இடமில்லாமல், மிஷினை நிறுத்திவிட்டு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"பட்டாணி, ஒண்ணு சொன்னா அழக்கூடாது. அந்தக் கவுனெல்லாம் அம்மா அனுப்பல. மாமாதான் தைச்சேன்."

அவள் அழவில்லை. அவரையே பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து ஒரு கவுனை எடுத்துவந்து, கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். "கம்பெனி பேரு இருக்கு பாருங்க."

"அது நான் வெச்சுத் தைச்சது கண்ணு."

"பார்சல் வந்துச்சே. நான் கையெழுத்துப் போட்டேனே."

"அந்தக் கூரியர்காரர் மாமாவோட கூட்டாளிதானே? நான்தான் கொண்டுவரச் சொன்னேன். வேணும்னா அவரையே கேளு."

"அவர் உங்க கூட்டாளி. நீங்க சொல்றதைத்தான் சொல்வார்."

"அம்மா அனுப்பின மாதிரியே இப்பவே ஒண்ணு தைச்சுக் காட்டட்டுமா?"

"நீங்க எதைப் பார்த்தாலும் அதே மாதிரி தைப்பீங்களே மாமா!"

தையல்காரர் கவுனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு தையலையும் பிரிய முடியாதபடி அவரே கெட்டித்தையல் போட்டு வைத்திருந்தார், இப்போது எங்கே இழுத்தாலும் ஒன்றும் வரவில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து பட்டாணிக்கே பாவமாகிவிட்டது. அவர் தோளில் கை வைத்து, பெரிய மனுஷி மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் மாமா. அன்னைக்கு விளையாடப் போகாம திரைக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். அம்மா அனுப்பறாங்கன்னு சொன்னா என்னை விடுதியில விட்டுடுவாங்க. அதுக்குத்தானே இப்படிச் சொல்றீங்க? நான் சொல்லிடறேன். நீங்கதான் தைச்சீங்கன்னே சொல்லிடறேன். எனக்கு உங்ககூடத்தான் இருக்கணும்."

இல்லை கண்ணு, இது நிஜம் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சத்தியம் செய்திருக்கலாம். அவர் சொல்லவில்லை. உண்மையைப் பொய் என்று நினைத்தாவது அவள் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. அவளுக்கு அம்மாவும் மிஞ்சுவாள், அவருக்கு அவளும் மிஞ்சுவாள். இப்படி ஒரு வசதியான வழி கிடைத்ததில் ஒரு நிமிஷம் சந்தோஷம்கூடப் பட்டார். அந்த ஒரு நிமிஷத்துக்காக வெட்கமும் பட்டார்.

ஆபீஸ் பெஞ்சில் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்துகொண்டு பட்டாணி சொன்னாள்: "கவுனெல்லாம் மாமாதான் தைச்சாங்க. அம்மா ஒண்ணும் அனுப்பல." சொல்லும்போது கவுன் நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மை தெரிந்து பிள்ளை நொறுங்கிப்போயிருக்கிறது என்று நினைத்தார், பாவம். கையெழுத்து வாங்கினார். தங்கையால் ரசீது எதுவும் காட்ட முடியவில்லை. உதவித்தொகை கிடைத்துவிட்டது.

பட்டாணியை வெளியே தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு மேடம் சொன்னார்: "சார், ஒரு விஷயம். அப்பப்ப நாங்க வந்து பார்ப்போம், அவளைக் கேட்போம். இனிமே அம்மா பேர்ல ஒண்ணும் வரக்கூடாது. விளையாட்டுக்குக்கூடப் பார்சல் கட்டிடாதீங்க. வந்துச்சுன்னா எல்லாம் நின்னுடும். என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"சரிங்க மேடம்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பட்டாணி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்: "மாமா, நான் பொய் சொன்னது அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாது கண்ணு."

"தெரிஞ்சா கோச்சுக்குவாங்களா?"

"மாட்டாங்க" என்றார். வேறு என்ன சொல்வார்?

பிறந்தநாள் நெருங்கியது. பட்டாணி தெருமுனை வரை போய் நின்று பார்த்துவிட்டு வர ஆரம்பித்தாள். கூரியர்காரரின் வண்டி தெருவில் வந்தால் ஓடுவாள். அவரோ தலையைத் திருப்பிக்கொண்டு வேகமாகப் போய்விடுவார், நடிகருக்கு இந்தக் காட்சியில் என்ன வசனம் என்று தெரியவில்லை. அம்மாவுக்குப் போன் போடச் சொன்னாள். போட்டுக் கொடுத்தார். ரசீது கேட்ட நாளிலிருந்து தங்கை எடுப்பதே இல்லை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள் பட்டாணி, போனைத் திருப்பிக் கொடுத்தபடி. "அம்மா ஒண்ணும் அனுப்பலைன்னு நான் சொன்னேன்ல. அதான்."

தையல்காரர் போனை வாங்கி வைத்தார். பார்சல் வந்தால் பிள்ளை போய்விடும். வராவிட்டால், அம்மாவைக் கோபப்படுத்தியது தன் பொய்தான் என்று பிள்ளை தினமும் வாசலில் நின்று தேயும். உண்மையைச் சொல்லலாம் என்றால், அதைத்தான் ஏற்கெனவே சொல்லிப் பார்த்தாயிற்றே, அதை அவள் மாமாவுக்காகச் சொன்ன பொய்யாக்கிப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டாளே. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர், ஒவ்வொரு சுவரும் அவர் கட்டியது.

ஆனாலும் கவுன் தைத்தார். தைக்காமல் இருக்கத் தெரியவில்லை. இந்தத் தடவை ஒளித்து வைக்காமல், வீட்டிலேயே, அவளை நிற்க வைத்து அளவெடுத்துத் தைத்தார். வெட்டுத்துணிகள் அவள் கண்ணெதிரே தரையில் கிடந்தன. டப்பாவில் ஒரு லேபிள் மிச்சம் இருந்தது. அதைக் கையில் எடுத்தார், கழுத்துப்பட்டியில் வைத்தும் பார்த்தார், திரும்ப டப்பாவிலேயே போட்டு மூடினார்.

பிறந்தநாள் காலையில் பட்டாணி அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். போடுவதற்கு முன்னால் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. தையல்காரர் தள்ளி நின்று பார்த்தார். தோள், கை, இடுப்பு, நீளம் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. இதுவரை தைத்ததில் இதுதான் நல்ல கவுன், சந்தேகமே இல்லை.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு மாமா." ஒரு சுற்றுச் சுற்றினாள். அவர் மனசு நோகக்கூடாது என்று யோசித்து யோசித்துச் சொன்னாள்: "ஆனா அம்மா அனுப்பறது மாதிரி சரியா உக்காரல. பரவாயில்ல, நான் போட்டுக்கறேன்."

"எங்க உக்காரல?"

பட்டாணி தோளைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் தேடினாள். கடைசியில் இடது தோளில் ஓரிடத்தைத் தொட்டாள். "இங்க."

தையல்காரர் சாக்குக்கட்டியை எடுத்துவந்து, அவள் காட்டிய இடத்தில் கோடு போட்டார். "சாயங்காலம் பிரிச்சுத் தைச்சுத் தர்றேன்" என்றார்.